மதாம் கேட்ட பேர்

பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே, வாதாம் மரத்தடியில் நான் நிற்கிறேன். உள்ளே ஒரு பெண்குரல் பிரெஞ்சில் ஏதோ கேட்கிறது. பதில் இல்லை. மறுபடி கேட்கிறது. அதற்கும் இல்லை. மூன்றாம் தடவை மேசையில் பென்சிலால் தட்டுகிற சத்தம் வருகிறது. அப்போதும் இல்லை.

கேட்டவர், புதுச்சேரியிலிருந்து வாய்ப் பரீட்சை நடத்த வந்திருந்த வெள்ளைக்கார அம்மா. எங்கள் ஊரில் அவர்களை மதாம் என்போம். பதில் சொல்ல வேண்டியவள் என் மனைவி மங்கையர்க்கரசி.

எனக்குத் தெரிந்த நாலைந்து பிரெஞ்சு வார்த்தையில் ‘நோம்’ ஒன்று. பேர் என்று அர்த்தம். மதாம் பேரைத்தான் கேட்கிறார். பக்கம் பக்கமாகப் பிரெஞ்சு எழுதுகிறவளுக்குப் பேர் சொல்ல என்ன கேடு? வெயிலில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

முழுசாக இன்றுவரைக்கும் புரியவில்லை. எழுதிப் பார்த்தால் புரியுமோ என்றுதான் இந்த வாரம் இதை எடுத்திருக்கிறேன்.

மாட்டுக் கொம்பிலும் என் பேர்

போன வாரம் சோடா மெஷின் வாங்கின கதையைச் சொன்னேன். அதைப் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. நான் சுரக்குடி ஊர்க்காரன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இருபத்திரண்டு வயதில் காரைக்கால் கடைத்தெருவில் சொந்த சோடா கம்பெனி வைத்தேன். அப்பன் சொத்து ஒரு காசு கிடையாது. ஒரு கைமெஷின், கோலி பாட்டில்கள், ஒரு மாட்டுவண்டி. அவ்வளவுதான் முதல்.

வடக்கே கோட்டுச்சேரி, கிழக்கே காரைக்கால்மேடு, மேற்கே திருநள்ளாறு. இதற்குள் என் சோடா போகாமல் ஒரு கல்யாணம் நடந்தது என்று யாராவது சொன்னால், அந்தக் கல்யாணம் செல்லுமா என்றே நான் விசாரிப்பேன்.

பாட்டில் அடுக்குகிற மரப்பெட்டி ஒவ்வொன்றிலும் என் பேர் இருக்கும். கோவிந்தராசு. மேலே தமிழில், கீழே பிரெஞ்சு எழுத்தில். தகரத்தில் எழுத்தை வெட்டி, அதன்மேல் சிவப்புப் பெயிண்ட் அடிப்போம். பெட்டியில் மட்டுமா? வண்டியின் பக்கப் பலகையில், கடை விளக்கின் கண்ணாடியில், மாட்டுக் கொம்பில்கூட எழுதினேன். ஊர் சிரித்தது. சிரித்தவன் எல்லாம் என் சோடாவைத்தான் குடித்தான்.

பிரெஞ்சு எழுத்தை எழுதிக் கொடுத்தவர் முசே அந்துவான். முசே என்றால் ஐயா. பிறப்பு இறப்பு பதிகிற ஆபீசில் குமாஸ்தா. எங்களைப் போலவே கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிற தமிழர். ஆனால் சட்டப்படி பிரெஞ்சுக்காரர். வெள்ளைக்காரன் வந்தால் ஒரு நடை, எங்களோடு வந்தால் ஒரு நடை என்று நடப்பார். பிரெஞ்சுக் கொடி போய் நம் கொடி வந்த பிறகு எந்த நடை நடப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார், பாவம்.

ஒரே ஒரு கேட்பு

மங்கையைப் பெண் கேட்டுப் போனபோது அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் படிப்பெல்லாம் முடித்துவிட்டாள். பிரெவே என்கிற பரீட்சை மட்டும் பாக்கி. அவளுக்கு அப்பா இல்லை. அவளுடைய பதினொரு வயதிலேயே போய்விட்டார். தாய்மாமன்தான் வளர்த்தார்.

“மாப்பிள்ளை மூணாங் கிளாஸு. பொண்ணு பிரெவே. ஏணி வச்சாலும் எட்டாதேப்பா” என்று சபையில் ஒருத்தர் இழுத்தார்.

“ஏணி எதுக்குங்க? பெட்டி இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஏறிக்கிறேன்” என்றேன். சபை சிரித்துவிட்டது. அன்றைக்கே பாதிக் கல்யாணம் முடிந்தது.

பெண் ஒன்றே ஒன்று கேட்டாள், மாமன் மூலமாக. நகை இல்லை, புடவை இல்லை. அந்தப் பரீட்சையை எழுத விட வேண்டும். அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்தேன். படிக்காதவன் கொடுத்த வாக்கு, காகிதத்தில் இருக்காது. அதனால் கெட்டியாக இருக்கும்.

இப்போது இருக்கிறவர்களுக்கு அந்தக் காலத்துக் குழப்பம் தெரியாது. பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆனால் பிரெஞ்சுப் பரீட்சை நிற்கவில்லை. பக்கத்து அறையில் இங்கிலீஷ் தொடங்கிவிட்டார்கள். இந்த வருஷத்தோடு பிரெவே முடிந்தது என்பார் ஒருத்தர். இன்னும் முப்பது வருஷம் ஓடும் என்பார் இன்னொருத்தர். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கோட்டுச்சேரியில் பெண்கள் பள்ளிக்கு ஒரு டீச்சர் தேவை. பிரெவே கையில் இருந்தால் மங்கைக்கு அந்த வேலை. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை உண்டா என்று சொல்ல ஆள் இல்லை.

அவள் படிக்கிற பாடங்களே எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு நாள் வெண்பனி பெய்கிற ஊரைப் பற்றி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

“நீ பாத்திருக்கியா இதை?”

“எங்க பாக்குறது? புஸ்தகத்துல இருக்கு.”

விடுவேனா? காரைக்கால்மேட்டில் மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டியில் ஒரு துண்டு வாங்கி, மரத்தூளைக் கழுவி, தேங்காய்த் துருவியில் துருவி அவள் தலையில் கொட்டினேன். “இந்தா, பாத்துக்க. இதுதான் பிரான்சு.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பிரான்சுல இவ்வளவு வஞ்சிர வாடை அடிக்கும்னு எங்க பள்ளிக்கூடத்து மதாம் சொல்லவே இல்லியே” என்றாள்.

காசிம் நானா கொடுத்த தொப்பி

என் கடைக்கு எலுமிச்சை எஸன்ஸ் கொடுத்தவர் காசிம் நானா. பத்து வருஷம் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பினவர். வெள்ளைக்காரர்களிடம் நடந்துகொள்வது எப்படி என்று மங்கைக்குச் சொல்லித்தர அவரைத்தான் கூப்பிட்டேன்.

“தங்கச்சி, கவனமா கேட்டுக்க. போனதும் ‘சாப்டீங்களா’ன்னு கேட்டுத் தொலைச்சிடாதே. அவங்களுக்கு அது அடுத்தவன் வீட்டு அடுப்பை எட்டிப் பாக்குற மாதிரி.”

“வேற என்ன கேக்கலாம் நானா?”

“வானத்தைப் பத்திக் கேளு. வெயிலு, மழை. அதுல யாருக்கும் கோவம் வராது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒண்ணு கேளு மாப்ளே. அங்க பொண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. என் கடைவாசல்ல நின்னு ‘பியேர்! பியேர்!’னு கத்துவா ஒருத்தி. எனக்குக் காது கூசும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து மங்கை கேட்டாள். “கூப்பிட்டா அவரு திரும்பிப் பாப்பாரா?”

“பாக்காம? தொப்பியக் கையில புடிச்சிக்கிட்டு ஓடியாருவாரு.”

“உங்க வீட்டுல எப்படி நானா?” என்று நான் கிளறினேன்.

“எங்க வீட்டுலயா? ‘இஞ்சாருங்க’ன்னு ஒரு சத்தம் வந்தா எங்க தெருவுல நாலு ஆம்பளை திரும்புவோம். யாரோட பொண்டாட்டின்னு கொரலை வச்சு முடிவு பண்ணிக்குவோம்.”

அவர் சைகோனிலிருந்து கொண்டுவந்த பழைய தொப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு சோடாப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மதாம் ஆனேன்.

“வோத்ர் நோம்?” என்று அதட்டினேன். உங்கள் பேர் என்ன என்று அர்த்தம்.

“மங்கையர்க்கரசி.”

“அப்புறம்?”

“அப்பா பேரு சிதம்பரம்.”

“அப்புறம்?”

“அப்புறம் சோடா!” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் என் பேரைச் சொல்லாதது எனக்குத் தெரியாதா? அவள் மட்டுமா, தெருவில் எந்தப் பெண்தான் புருஷன் பேரைச் சொன்னாள்? கடைக்கு ஆள் வந்து ‘கோவிந்தராசு இருக்காரா’ என்றால், ‘கம்பெனிக்காரங்க வெளிய போயிருக்காங்க’ என்பாள். இதெல்லாம் வீட்டு வழக்கம். பரீட்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

பேரைப் பெரிசாப் போடுங்க

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு.

பரீட்சைக்கு மனு எழுதிக் கொடுக்க முசே அந்துவானிடம் போனேன். அவர் பிறந்த பத்திரத்தைப் பார்த்து, மங்கையர்க்கரசி, தகப்பன் பேர் சிதம்பரம் என்று அழகாக எழுதினார். பேனாவை மூடப்போனார்.

“என் பேரு எங்க முசே?”

“உம்ம பேரு எதுக்கு? பிரெஞ்சுச் சட்டப்படி பொம்பளைக்குப் பொறந்த பேருதான் பேரு. இன்னாரின் மனைவின்னு கீழே ஒரு வரி இருக்கு. போட்டாலும் போடலாம், விட்டாலும் விடலாம்.”

“விடுறதா? நாளைக்குப் புதுச்சேரில உக்காந்து படிக்கிறவன், இந்தப் பொண்ணைப் படிக்க வச்சது யாருன்னு தெரிஞ்சுக்க வேணாமா? போடுங்க. பெரிசாப் போடுங்க.”

“யோசிச்சுச் சொல்லும்யா. அப்புறம் மாத்த முடியாது.”

“நான் யோசிக்காம எதையும் சொல்றதில்ல முசே.”

போட்டார். நான் சொன்னபடி பெரிசாகவே போட்டார். கையெழுத்துப் போட மங்கையிடம் கொண்டுபோனேன். அவள் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பகல் இடைவேளை

மறுபடி வாதாம் மரத்தடிக்கு வருகிறேன்.

மணி அடித்தது. முசே அந்துவான் வெளியே ஓடி வந்தார். அன்றைக்குப் பரீட்சை அறையில் காகிதம் எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

“உம்ம வாயில கொள்ளிக்கட்டையத்தான் வைக்கணும்! பெரிசாப் போடு, பெரிசாப் போடுன்னு சொன்னீரே!”

விஷயம் இதுதான். வேறு எங்கேயோ அக்காவுக்குப் பதிலாகத் தங்கை வந்து பரீட்சை எழுதிவிட்டாளாம். அதனால் மதாம் கண்டிப்பாக இருந்தார். மனுவில் இருப்பதை எல்லாம் பரீட்சைக்கு வந்தவள் தன் வாயால் சொல்ல வேண்டும். மங்கை தன் பேரைச் சொன்னாள், அப்பா பேரைச் சொன்னாள். கணவர் பேர் என்ன என்று மதாம் கேட்டார். அங்கே நின்றுவிட்டாள். சொந்தப் புருஷன் பேர் தெரியாதவள் எப்படி மனைவியாக இருக்க முடியும்? ஆள் மாறாட்டம் என்று மதாமுக்குச் சந்தேகம்.

“நீங்க எடுத்துச் சொல்லலாமே முசே?”

“வாயைத் தொறந்தேன். பரீட்சை உங்களுக்கா அந்தப் பெண்ணுக்கான்னு ஒரு கேள்வி கேட்டாங்க. மூடிக்கிட்டேன். ரெண்டு மணிக்கு மறுபடி கூப்பிடுவாங்க. அப்பவும் சொல்லலைன்னா, போன வாரம் எழுதின காகிதமெல்லாம் சேத்து அடிச்சிடுவாங்க.”

“இவ்வளவுதானே? நான் சொன்னா சொல்லிட்டுப் போறா” என்றேன். அப்படிச் சொன்னவன் நான்தான்.

மங்கை மரத்தின் மறுபக்கத்தில் நின்றாள். கையில் ஒரு வாதாம் இலை. அதை நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தா மங்கை. ஒரு பேரு. ஆறு எழுத்து. சொல்லிட்டு வந்துடு. யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன்ல?”

“படிச்சவ பேசுற பேச்சா இது?”

அவள் இலையைக் கீழே போட்டாள். “எங்கம்மா ஒரே ஒரு தடவை சொன்னாங்க. அப்பாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில சீட்டு எழுதணும், பேரைச் சொல்லுன்னாங்க. பக்கத்துல வேற யாரும் இல்ல. நான் அப்ப தம்பியக் கூட்டியாரப் போயிருந்தேன். அம்மா சொல்லிட்டாங்க. மூணாம் நாளு அப்பா இல்ல.”

“அது காய்ச்சல்ல போனது மங்கை.”

“தெரியும். எனக்குத் தெரியாதா? விஞ்ஞானத்துல நோயைப் பத்தி அஞ்சு பக்கம் எழுதியிருக்கேன் போன வாரம். எல்லாம் தெரியும். வாய் வரலீங்க.”

“எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் கல்லு மாதிரி நிக்கிறேன் பாரு. இஞ்சயே, என் எதுக்கவே ஒரு தடவை சொல்லிப் பாரு. பழகிடும்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. பரீட்சை வேண்டும் என்கிற வெறி இருந்தது. மூச்சை இழுத்தாள். உதடு குவிந்தது.

“இரு” என்றேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன். மாட்டுக் கொம்பில் எழுதின பேர். கடைத்தெருவில் அத்தனை பேரும் கூப்பிடுகிற பேர். அவள் வாயிலிருந்து வரப்போகிறது என்றதும் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். மூன்று நாளில் போய்விடுவேன் என்ற பயமா? அந்தப் பயமெல்லாம் எனக்குக் கிடையாது.

சரி, இருந்தது. எழுத உட்கார்ந்த பிறகு எதற்குப் பொய்?

“என்னாங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. வேணாம்.”

“அப்ப பரீட்சை?”

உள்ளே அவள் நின்ற மாதிரியே நான் வெளியே நின்றேன்.

ஒரு பெட்டி சோடா

இதற்கு நடுவில் என் வண்டி வந்து வாசலில் நின்றது. புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள் கோவிந்தராசு சோடா குடிக்காமல் திரும்பக் கூடாது என்று காலையிலேயே ஒரு பெட்டி சொல்லி வைத்திருந்தேன். இருந்த கலவரத்தில் மறந்தே போய்விட்டது. நானும் முசே அந்துவானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டுபோய், மதாமின் மேசைக்குப் பக்கத்தில் இறக்கினோம். அந்த நிலையிலும் பழக்கம் போகவில்லை. பேர் எழுதின பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மதாமை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்து ‘மெர்சி’ என்றார். நான் இன்னார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லலாமா என்று நினைத்தேன். முசே அந்துவான் என் காலை மிதித்தார்.

இரண்டு மணிக்கு மங்கை உள்ளே போனாள். நான் ஜன்னலுக்குக் கீழே.

முதலில் சோடா உடைக்கிற சத்தம். மதாம் ‘ஓ’ என்று ஒரு கூச்சல் போட்டார். நுரை மேசைக் காகிதத்தில் எல்லாம் வழிந்துவிட்டதாம். பிறகு நாற்காலியை இழுத்தார்கள். மறுபடி அதே கேள்வி.

பிறகு ‘டொக், டொக்’ என்று மரப்பலகையில் விரலால் தட்டுகிற சத்தம். இரண்டே தட்டு. மதாம் ஏதோ கேட்டார். மங்கை ‘வி, மதாம்’ என்றாள். ஆமாம் என்று அர்த்தம். மதாம் சிரித்தார். ஒரு கேள்வி கேட்டார்.

அதற்கப்புறம் மங்கை பேச ஆரம்பித்தாள்.

எவ்வளவு நேரம் பேசினாள் என்று தெரியாது. மர நிழல் என் செருப்பைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். அவள் குரல் ஏறியது, இறங்கியது. ஓர் இடத்தில் சிரித்தாள். ஓர் இடத்தில் மெதுவானாள். அங்கே அப்பாவைப் பற்றிச் சொல்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு என் பேர் வருகிறதா என்று மட்டும் கேட்டேன். வரவில்லை.

பிறகு மதாம் பேசினார், ரொம்பத் தாழ்ந்த குரலில். ‘மிஷேல்’ என்று ஒரு பேர் இரண்டு மூன்று தடவை வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தது. யார் உறிஞ்சியது என்று தெரியவில்லை.

மங்கை வெளியே வந்தாள்.

“என்னா ஆச்சு?”

“பேசினோம்.”

“என்னா பேசுனீங்க?”

“உங்களைப் பத்தித்தான்.”

“என் பேரே வரலியே?”

“அதைப் பத்தித்தான்” என்றாள்.

இரண்டு பேர் சொன்ன இரண்டு கதை

முசே அந்துவான் சொன்ன கதை இது. மங்கை பெட்டியைத் தட்டிக் காட்டினாள். மதாம் மனுவில் இருந்த எழுத்தையும் பெட்டியில் இருந்த எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ‘உன் கணவர் இந்த எலுமிச்சைத் தண்ணியா?’ என்று கேட்டுச் சிரித்தார். ‘தெரிந்த பேரை ஏன் சொல்லவில்லை, அதைச் சொல்’ என்றார். மங்கை சொன்னதுதான் பரீட்சை. வேறு கேள்வியே இல்லை. மதாமின் புருஷன் மிஷேல் இந்தோசீனா சண்டையில் செத்துப்போனவராம். மதாம் தினமும் காலையில் எழுந்ததும் அவர் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வாராம். சொல்லாவிட்டால் அவர் இல்லாமலே போய்விடுவார் என்று பயமாம்.

இதை நான் மங்கையிடம் கேட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

“செத்துட்டாருன்னு அந்தம்மா சொல்லவே இல்ல. அந்தப் பேரைக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க ஆள் இல்லன்னுதான் சொன்னாங்க. விட்டுட்டுப் போனவராக்கூட இருக்கலாம்ல?”

“தினம் சொல்றது?”

“சொன்னாங்க. ஆசையில சொல்றாங்களா கோவத்துல சொல்றாங்களான்னு நான் கேக்கல. பரீட்சைக்குப் போனவ அதையெல்லாம் கேக்க முடியுமா?”

இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தவர்கள். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு தெரியும். எதை நம்புவது? ஓர் ஊரில் பேரைச் சொன்னால் ஆயுசு குறைகிறது. இன்னோர் ஊரில் சொல்லாவிட்டால் ஆளே இல்லை. காசிம் நானாவிடம் நியாயம் கேட்டேன். “ரெண்டு பேரும் புருஷனுக்கு நல்லதுன்னுதான் செய்யறாங்க மாப்ளே. நமக்கு என்னா நல்லதுன்னு நம்மள யாரு கேட்டா?” என்று எஸன்ஸ் பாட்டிலைத் துடைக்கப் போய்விட்டார்.

மங்கை பாஸ். பெண்களில் முதல் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். முதல்தானா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் புதுச்சேரியிலிருந்து பத்திரம் வந்தது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருந்தது. இன்னாரின் மனைவி என்கிற வரியில் மட்டும் என் பேர் இல்லை. அந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு.

“என்னா முசே இது? மாட்டுக் கொம்புல இருக்கு, இதுல இல்ல!”

அந்துவான் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “மதாமே கோடு போட்டிருக்காங்க. மரியாதையா இருக்கும்.”

“யாருக்கு மரியாதை? எனக்கா, அவளுக்கா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை எழுத மறந்தும் இருக்கலாம்.”

அந்தப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் முத்திரையைப் பார்ப்பார்கள். நான் அந்தக் கோட்டைப் பார்ப்பேன்.

டீச்சரம்மாவின் வழி

கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பிரெஞ்சு போய் இங்கிலீஷ் வந்தது. அதையும் படித்து எழுதிக் கடைசியில் தலைமை ஆசிரியையாகத்தான் ஓய்வு பெற்றாள்.

ஆனி மாதம் பிள்ளை சேர்க்கிற நாட்களில் நான் சோடா இறக்கப் போவேன். புதுசாக வந்த குமாஸ்தா ஒருத்தர், தாய்மார்களைப் பார்த்து, “பிள்ளையோட அப்பா பேரு என்னம்மா? பேரு! பேரு!” என்று கத்துவார். அவர்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். மங்கை எழுந்து வருவாள். சத்தம் போட மாட்டாள். குனிந்து அந்தப் பிள்ளையிடம் கேட்பாள்.

“கண்ணு, உங்கப்பாவை ஊர்ல எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?”

பிள்ளை கணீரென்று சொல்லும். தாய் சிரிப்பாள். குமாஸ்தா எழுதிக்கொள்வார். இதை எந்தப் பாடத்தில் படித்தாள் என்று ஒருநாள் கேட்டேன். “வாய்ப் பரீட்சையில” என்றாள்.

கைப்பிரதியில் இரண்டு கை

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் போன வாரம் போனில் கேட்டார். “ஐயா, உங்க கைப்பிரதி முத்து முத்தா இருக்கு. ஆனா அங்கங்க ஒரு சொல் மட்டும் வேற கையெழுத்துல, கோணல்மாணலா இருக்கே, அது ஏன்?”

அவருக்குப் பதில் இந்த அத்தியாயம்தான். மூன்றாம் வகுப்புக்காரன் இவ்வளவு எழுத முடியுமா? நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மங்கைதான். தப்பாகச் சொன்னால் திருத்துவாள், பெருமை அதிகமானால் இருமுவாள். என் பேர் வருகிற இடத்தில் இடம் விட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போவாள். அந்த இடங்களை நான் நிரப்புவேன். இந்த வாரம் அவளுக்கு இருமல் ஜாஸ்தி.

நேற்று இதை முடித்தபோது சொன்னேன். “எனக்கு எம்பது தாண்டிடுச்சு. இனிமே குறையறதுக்கு என்னா இருக்கு? இந்த ஒரு தடவை பேரை நீயே எழுதிடேன்.”

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, அவ்வளவு அவசரமா?”

பேனாவை என் பக்கம் நீட்டினாள். காகிதத்தின் அடியில் இடம் விட்டிருந்தாள். என் எழுத்து பெரிசு என்று கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தாள்.

கோவிந்தராசு